நேரா சொன்ன ‘வரேன்’

தெருவில் அவனுக்கு ‘நேரா’ என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் பள்ளிக்கூட ரிஜிஸ்டரோடு நின்றுபோயிற்று. இந்தப் பெயர் வரக் காரணம் அவன் அப்பா. சரக்கு வேன் ஓட்டுகிறவர். சாயங்காலம் வேனை ஓரங்கட்டிவிட்டு இறங்கும்போதெல்லாம், எதிரில் அகப்பட்டவரிடம், “என் பையனப் பாருங்க. காலையில நேரா வேலைக்குப் போவான், சாயந்திரம் நேரா வீட்டுக்கு வருவான். அங்க நிக்கறது, இங்க சுத்தறது, அந்தப் பேச்சே கிடையாது” என்று மார்தட்டிக்கொள்வார். கேட்டுக் கேட்டுக் காது புளித்த பையன்கள் அதைச் சுருக்கி ‘நேரா’ ஆக்கிவிட்டார்கள்.

அப்பாவுக்குத் தெரியாத ஒரு சங்கதி அதில் இருந்தது. பையன் நேராகப் போய் நேராக வந்ததற்குக் காரணம் ஒழுக்கம் இல்லை. அவனுக்கு வேறு வழி தெரியாது. பேச்சுக்குச் சொல்வது இல்லை, சத்தியமாகவே தெரியாது.

வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் ஒரு கோடு. இறங்கும் நிறுத்தத்திலிருந்து வேலை செய்யும் இடம் இன்னொரு கோடு. இந்த இரண்டையும் தவிர, பிறந்து வளர்ந்த அந்தப் பெரிய நகரத்தில் அவனுக்கு ஒன்றும் பிடிபடாது. ஒரு சந்து திரும்பினால் போதும், வந்த தெரு அந்நியமாகிவிடும். போகும்போது பார்த்த கடை, திரும்பும்போது வேறு கடையாக இருக்கும். பலகை அதேதான், கல்லாவில் தூங்குகிற ஆளும் அவரேதான், ஆனால் கடை மட்டும் இருக்க வேண்டிய பக்கத்தில் இருக்காது. மற்றவர்கள் தலைக்குள் ஒரு சின்ன ஆள் உட்கார்ந்துகொண்டு ‘இப்ப இடது, அடுத்து வலது’ என்று சொல்லிக்கொண்டே இருப்பான் போலும். நேராவின் தலைக்குள் இருந்தவன் பிறந்த அன்றைக்கே லீவு போட்டுவிட்டுப் போனவன், திரும்பவே இல்லை.

போனில் மேப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் ஒரு நீலப் புள்ளி இருக்கும். ‘தென்மேற்கு நோக்கிச் செல்லவும்’ என்று ஒரு பெண் சொல்வாள். தென்மேற்கு என்பது வானிலை அறிக்கையில் காற்று வீசும் இடம் என்பதற்குமேல் அவனுக்குத் தெரியாது. போனைத் திருப்புவான், புள்ளி திரும்பும். அவன் திரும்புவான், தெருவே திரும்பும். கடைசியில் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவான்.

வழியில் யாராவது விலாசம் கேட்டால் மட்டும் மகா தைரியமாகக் கையை நீட்டி, “நேரா போய் யாரையாவது கேளுங்க” என்பான். அதுவும் ஒரு வழிதானே.

அப்பாவோ ஊரை உள்ளங்கை ரேகைபோல் அறிந்தவர். கண்ணைக் கட்டி எந்தத் தெருவில் விட்டாலும் வீடு வந்து சேருவேன் என்று பந்தயம் கட்டுவார். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று கேட்பார்கள். இந்த வீட்டில் பூனைகூட ஆகவில்லை. பூனையை எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்பிவிடும்.

விஷயம் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். அம்மா வீட்டில் பள்ளிச் சீருடைகள் தைப்பவள். சின்ன வயதில் ஒருநாள் அம்மா நூல்கண்டு வாங்கிவரச் சொல்லி அனுப்பியவன், பக்கத்துத் தெரு சைக்கிள் கடை வாசலில் நின்று தேம்பிக்கொண்டிருந்தான். அக்காதான் கண்டுபிடித்துக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்குத் தான் கழுவ வேண்டிய பாத்திரங்களை அவன் தலையில் கட்டினாள். வளர்ந்து மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போன பிறகும் கட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

அப்படிப்பட்டவன் வாயிலிருந்துதான் அந்த ‘வரேன்’ விழுந்தது.

நேரா வேலை பார்த்தது பல் செட் செய்யும் ஒரு சின்ன லேபில். பல் டாக்டர்கள் நோயாளியின் ஈறை அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மேலே மெழுகு வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட வேண்டும். லேப் முதலாளியை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். மாஸ்டர் பல் அடுக்கினால் சோளக்கதிர் மாதிரி இருக்கும். நேரா அடுக்கினால் வாய் மாதிரி இருக்கும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருக்குச் செட் செய்தபோது, அவருடைய பழைய போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். ஒரு முன்பல் பக்கத்துப் பல்லின்மேல் லேசாகச் சாய்ந்திருந்தது. அதே சாய்வை மெழுகில் வைத்தான். அந்த அம்மாள் செட்டைப் போட்டுக் கண்ணாடி பார்த்தார். உடனே பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரைப் பழையபடி திட்ட ஆரம்பித்தார். செட் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று டாக்டர் புரிந்துகொண்டார்.

அந்த டாக்டர் சொல்லிக் கேள்விப்பட்டுத்தான் வெளியூர்க்காரர் ஒருநாள் சாயங்காலம் லேபுக்கு வந்தார். இன்னொரு பெரிய நகரத்தில் பெரிய லேப் வைத்திருப்பவர். அந்த வாரம் மெழுகில் இருந்த ஒரு செட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“இந்தக் கோணப் பல்லு யார் வேலை?”

மாஸ்டருக்கு வெலவெலத்துவிட்டது. “தப்பாயிடுச்சா சார்? இப்பவே நேராக்கிடலாம்.”

“தொடாதீங்க. எங்கிட்ட இத்தனை பேர் இருக்கானுங்க, ஒருத்தனுக்கும் அழகா கோணலா வைக்கத் தெரியல.”

மாஸ்டர் அவருக்கு டீ சொல்ல வெளியே போனார். நேரா கை கழுவி, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றான். வெளியூர்க்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“எங்க ஊருக்கு வந்துடறியா? நல்ல வேலையெல்லாம் உனக்குத்தான். சினிமாக்காரங்க, மேடையில பேசறவங்க, எல்லார் வாயும் உன் கையில. என்ன சொல்றே?”

அந்த ஊரை நேரா டிவியில் பார்த்திருக்கிறான். ரோட்டுக்கு மேல் ரோடு, அதற்கு மேல் ரயில், அதற்கும் மேல் இன்னொரு ரோடு. மேலிருந்து படம் பிடித்தால் இடியாப்பத்தைக் கொட்டியது போல் இருக்கும். அந்தச் சிக்கலுக்குள் தான் ஒரு எறும்பாக நிற்பது அந்த நொடியில் அவனுக்குத் தெரிந்தது. அச்சு எடுக்கும் மாவை வாய் நிறைய அப்பியதுபோல் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

‘யோசிச்சுச் சொல்றேன் சார், போயிட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டு ஓடிவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். மரியாதையான வீட்டுப் பிள்ளை, கிளம்பும்போது மொட்டையாகப் போகக் கூடாதல்லவா. ஆனால் பாதி வாக்கியம் தொண்டைக்குக் கீழேயே நின்றுவிட்டது. வெளியே வந்தது வால் மட்டும்தான்.

“அப்ப வரேன் சார்.”

சொல்லிவிட்டுப் படியிறங்கினான். பின்னால், “சபாஷ்! ஆம்பளைன்னா இப்படித்தான் பட்டுனு சொல்லணும்” என்று குரல் கேட்டது. போய்வருகிறேன் என்றதற்கு இவ்வளவு பாராட்டா என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினான். பஸ் பாதி வழி போன பிறகுதான் யோசனை முழுசாக வேலை செய்தது.

வீட்டு வாசலில் அப்பா போனும் கையுமாக நின்றார். மாஸ்டர் முந்திக்கொண்டுவிட்டார்.

“வாடா என் சிங்கம்! கேட்ட உடனே ‘வரேன்’னு சொன்னியாமே! யோசிக்கக்கூட இல்லையாமே!”

“அப்பா, அது அந்த வரேன் இல்லப்பா.”

“பின்ன எந்த வரேன்?”

“கிளம்பற வரேன்.”

“நானும் அதத்தானேடா சொல்றேன். கிளம்பற! சும்மாவா கிளம்பற, எங்க கிளம்பற!” என்று சொல்லி, மாடிவீட்டுக்காரரைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த ஒற்றைச் சொல் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தது. நேராவால் போக முடியாத சந்திலெல்லாம் அது போயிற்று.

மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அக்காவிடம் ஓடினான்.

“முழுசா ‘போயிட்டு வரேன்’னு சொல்றதுக்கு என்னடா கேடு?” என்றாள் அக்கா.

“பாதி தொண்டையில நின்னுடுச்சுக்கா.”

“நிக்க வேண்டியது வெளிய வந்துடுச்சு, வர வேண்டியது உள்ள நின்னுடுச்சு. உன் வாய்க்கே ஒரு செட் கட்டணும்டா.”

“விளையாடாதக்கா. நீ அப்பாகிட்ட சொல்லேன்.”

“என்னன்னு? ‘உங்க சிங்கத்துக்குக் குகைக்கு வழி தெரியாது’ன்னா? மனுஷன் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அழுவாரு.” கிளிப்புகளை வாயில் கவ்விக்கொண்டு துணி மடித்தாள். பிறகு கிளிப்பைத் துப்பிவிட்டுக் கேட்டாள்: “போகணும்னு ஆசை இருக்கா?”

அதை யாரும் இதுவரை கேட்கவில்லை. அவன்கூட.

“இருக்கு. இங்க மாஸ்டர் பார்க்காத நேரத்துலதான் நான் நினைச்ச மாதிரி வைக்க முடியுது. அங்க அதுதான் வேலையே.”

“எவ்வளவு ஆசை?”

“பயத்துல கால்வாசி.”

“பயம் எவ்வளவு?”

“அத அளந்து முடிக்கலக்கா.”

அடுத்த வாரமெல்லாம் அப்பாவுக்கு வேறு வேலை இல்லை. ஒரு காலத்தில் சோபாக்கள் ஏற்றிக்கொண்டு அந்த ஊருக்குப் போனவர் அவர். ஒரே ஒரு தடவைதான். அது போதாதா? சாப்பிட உட்கார்ந்தால் மேஜையே ஊர் ஆகிவிடும்.

“இந்தத் தம்ளர்தான் ஸ்டேஷன். வெளிய வந்தா எதிர்ல பாலம், இந்தக் கரண்டி. கரண்டிக்கு அடியில போகாதே, மேல போ. இந்த உப்பு ஜாடிகிட்ட இடது. புரியுதா?”

“புரியுதுப்பா.”

“திருப்பிச் சொல்லு பார்ப்போம்.”

அதற்குள் அம்மா வந்து ஸ்டேஷனை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டாள். நேரா அம்மாவைக் கும்பிடாத குறை. ஆனால் அன்றைய சாப்பாடு இறங்கவில்லை. அப்பாவின் விரல் மேஜைமேல் இடதும் வலதும் வளைந்து ஓடியபோது, அவன் வளைவுகளை எண்ணப் பார்த்துப் பாதியிலேயே தவறவிட்டான். கடைசியில் விரல் நின்ற இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தான். தம்ளர் இருந்த இடத்தில் ஈர வட்டம் மட்டும் இருந்தது.

வேலையிலும் கை தடுமாறியது. மேல்வரிசைப் பல்லைக் கீழ்வரிசையில் நட்டான். “ஊருக்குப் போற மும்முரம்” என்று மாஸ்டர் கண்ணடித்தார். பயமும் மும்முரமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும்போல.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து திரும்பும்போது அவனுக்கு ஒரு விபரீத புத்தி வந்தது. அந்த ஊரில் தொலைவதற்கு முன்னால் இங்கேயே தொலைந்து பார்த்தால் என்ன? தன் நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கினான். ஒரே ஒரு நிறுத்தம். பஸ் போன ரோட்டிலேயே நடந்தால் வீடு வந்துவிடும், குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் நடைபாதையைத் தோண்டிப் போட்டுத் தடுப்பு வைத்திருந்தார்கள். ஆட்கள் எல்லோரும் பக்கத்துச் சந்தில் நுழைந்தார்கள். அவனும் நுழைந்தான்.

முதல் திருப்பம் வரைக்கும் முன்னால் போன ஒரு பச்சைக் குடையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். குடை ஒரு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. நின்றான். சுற்றிலும் வீடுகள். எல்லா வீட்டிலும் டிவி ஓடியது, எல்லாச் சன்னலிலும் திரை. திரும்பி நடந்தான். வந்த சந்து அங்கே இல்லை. இருந்திருக்கும், ஆனால் எது என்று தெரியவில்லை. மூன்று சந்துகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஒன்றில் நுழைந்தான். அது ஒரு சுவரில் போய் முட்டியது.

மூச்சு மேல்மூச்சாக வாங்கியது. இது தன் ஊர், வீடு கூப்பிடு தூரம், பட்டப்பகல், இருபது வயது ஆகிறது, மீசைகூட இருக்கிறது. எல்லாவற்றையும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கால் எதையும் கேட்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டான்.

“பக்கத்துல என்ன இருக்கு சொல்லு” என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி.

“சுவரு.”

“சுவத்துல ஏதாவது எழுதியிருக்கா?”

“‘இங்கு ஒட்டாதீர்’னு எழுதியிருக்கு.”

“ஊர்ல எல்லாச் சுவத்துலயும் அதான்டா எழுதியிருக்கு! யார்கிட்டயாவது கேளு. எனக்கு இங்க கஸ்டமர் கண்ணாடி மாட்டிக்கிட்டு நிக்கறாங்க, அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்.”

யாரையாவது கேட்பதா? என்னவென்று கேட்பது? ‘எங்க வீடு எங்க இருக்கு’ என்றா? ஒரு பெண் பால்கனியிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருடன் என்று நினைப்பாளோ என்று வேகமாக நடந்தான். வேகமாக நடந்ததும் இன்னும் திருடன் மாதிரி ஆயிற்று. ஒரு மூலை, இன்னொரு மூலை. மறுபடியும் அதே பால்கனி, அதே பெண். இப்போது உள்ளே பார்த்து யாரையோ கூப்பிட்டாள். அவன் ஓட ஆரம்பித்தான்.

ஓடியவன் ஒரு திருப்பத்தில் சரக்கு வேன் ஒன்றின் பக்கவாட்டில் மோதாத குறையாக நின்றான். பின்கதவைத் திறந்து ஒரு வாஷிங் மிஷினை இறக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அப்பா.

“டேய், இங்க என்னடா பண்றே?” என்றவர், சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, “யாராவது பொண்ணா?” என்றார்.

நேரா வேன் கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“வீடு எங்கப்பா இருக்கு?”

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்தார். “உன் முதுகுக்குப் பின்னாடிதான்டா! இந்தச் சந்து தாண்டினா நம்ம தெரு.” சிரிப்பு பாதியில் இருந்தபோது கைப்பிடியில் இருந்த கைகளைப் பார்த்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்ததைப் பார்த்தார். மிஷினைக் கீழே வைத்தார்.

“நிஜமா கேக்கறியா?”

தலையை ஆட்டினான். அதற்குள் கண்ணில் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

“எத்தன நாளா?”

“எப்பவுமேப்பா.”

அப்பா மிஷினை இறக்கிக் கொடுத்துவிட்டு, அவனை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். கண்ணைக் கட்டினாலும் வீடு வந்து சேர்கிற மனுஷன், அன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டே சொந்தத் தெருவைத் தாண்டிப் போய்விட்டு, பிறகு பின்னால் எடுத்து வந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அப்பா சவரம்கூடச் செய்யாமல் வந்து உட்கார்ந்தார்.

“போக வேணாம்” என்றார். “தெருவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். அம்மாவுக்கு உடம்புக்கு முடியலன்னு சொல்லிடலாம்.”

“எனக்கென்ன கேடு, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்? உங்களுக்கு முடியலன்னு சொல்லுங்க” என்றாள் அம்மா. அவளுக்கும் இரவே விஷயம் தெரிந்துவிட்டது. சத்தமாகப் பேசினாளே தவிர, அவள் மிதித்த தையல் மிஷின் துணியில்லாமலே ஓடிக்கொண்டிருந்தது.

“யாருக்கோ முடியல. அவன் போக வேணாம், அவ்வளவுதான். அங்க ஒரு பாலத்துக்கு அடியில மாட்டினா விடியற வரைக்கும் சுத்துவான்.” அப்பாவின் குரல் ஒரு மாதிரி பிசிறியது. அப்பா பயந்து நேரா பார்த்ததே இல்லை. அது அவனை இன்னும் பயமுறுத்தியது.

இருந்தாலும், இறுக்கமான செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டதும் ஈறுக்கு ஒரு நிம்மதி வருமே, அப்படி ஒரு நிம்மதி வந்தது. திங்கட்கிழமை அதே பஸ், அதே நிறுத்தம், அதே மெழுகு. இனி தம்ளர் வெறும் தம்ளர்தான். மூச்சு ஒழுங்காக வந்தது. கொஞ்ச நேரம்.

“அந்த ஆளுக்கு நீயே சொல்லிடு. அதாவது முழு வாக்கியமா சொல்லு” என்று அக்கா போனை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அவன் முன்னால் நீட்டினாள். அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார்.

“வாப்பா வா! எப்பக் கிளம்பறே?” என்றது வெளியூர்க்காரர் குரல்.

“சார், எனக்கு வழி தெரியாது சார்.”

“ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பறேன்.”

“அது இல்ல சார். எனக்கு எந்த வழியுமே தெரியாது. எங்க தெருவுக்குப் பின்தெருவுலயே நேத்து தொலைஞ்சு போயிட்டேன். அழுதுட்டேன் சார்.”

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு.

“அட, இவ்வளவுதானா? இதுக்கா தயங்கறே? லேப் மாடியிலயே ரூம் இருக்குப்பா. படி இறங்கினா வேலை, படி ஏறினா தூக்கம். சாப்பாடு மேலயே வந்துடும். தெருவுல காலே வைக்க வேணாம். ஏற்கெனவே ஒரு பையன் அப்படித்தான் இருக்கான். ஆறு வருஷமாச்சு, முக்குக் கடையத் தாண்டினதில்ல. தங்கமான பையன்!”

அப்பாவின் முகத்தில் விளக்கு ஏற்றியது போல் வெளிச்சம் வந்தது. பார்த்தாயா, எல்லாம் சரியாகிவிட்டது என்று கையைக் காட்டினார். அம்மாவின் மிஷின் நின்றது. அக்கா மட்டும் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேராவுக்கு அந்த ஆறு வருஷத்துப் பையனைத் தெரிந்தது. பார்க்காமலே தெரிந்தது. அவன் எப்படிச் சிரிப்பான், முக்குக் கடையில் நின்று ரோட்டைப் பார்த்துவிட்டு எதையோ மறந்தவன்போல் எப்படித் திரும்புவான், யாராவது வெளியே கூப்பிட்டால் எந்தப் பொய்யைச் சொல்வான் என்று எல்லாம் தெரிந்தது. ஊரெல்லாம் அவனைத் தங்கமான பையன் என்கிறது. அவனும் சொல்ல விட்டுவிட்டான். வருஷங்கள் போகின்றன. அந்த மாடிப்படியில் அவனோடு தானும் ஏறி இறங்குவது தெரிந்தது. மீசை நரைத்துவிட்டது. இன்னும் ஏறி இறங்குகிறான்.

சந்தில் வந்த பயத்தில் ஓடவாவது முடிந்தது. இந்தப் பயத்தில் கால் இருக்கிற இடமே தெரியவில்லை.

“சார்... அந்தப் பையன் ஏன் வெளிய போறதில்லன்னு கேட்டீங்களா?”

“கேக்கலையேப்பா. அவன் வேலைய அவன் ஒழுங்கா பார்க்கறான், நான் எதுக்குக் கேக்கணும்?”

“எனக்கு மாடி ரூம் வேணாம் சார்.”

“பின்ன?”

“கொஞ்சம் தள்ளி ஒரு ரூம் பாருங்க சார். ஒரு மூணு நாலு தெரு தள்ளி.”

“இப்பத்தானே வழி தெரியாதுன்னே?”

“ஆமா சார்.”

“தள்ளி இருந்தா எப்படிப்பா வருவே?”

“தொலைஞ்சு, கேட்டு, வருவேன் சார். கொஞ்ச நாளைக்கு ரொம்ப லேட்டாகும். திட்டக்கூடாது. திட்டினாலும் பரவாயில்ல, மாடிக்கு மட்டும் போகச் சொல்லக் கூடாது.”

“விசித்திரமான ஆளுப்பா நீ” என்றார் வெளியூர்க்காரர். கோபமா, குழப்பமா தெரியவில்லை. “சரி, பார்த்துச் சொல்றேன். அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி இங்க இருக்கணும்.”

போனை அக்கா அணைத்தாள்.

“பைத்தியமாடா நீ?” அப்பா எழுந்தே விட்டார். “கடவுள் மாதிரி மனுஷன் மாடியக் குடுக்கறான், நீ தெருவக் கேக்கறியே! அங்க நீ தொலைஞ்சா திரும்பற மூலையில நானா வேனோட நிப்பேன்? யார்றா இருக்கா?”

“யாரும் இல்லப்பா.”

“பயமா இல்லையா உனக்கு?”

“வாந்தி வர மாதிரி இருக்குப்பா.”

அம்மா எழுந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் குடித்தான். பாதி சட்டையில் போயிற்று. அக்கா ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தாள். பிறகு சொல்லவில்லை. சொல்லாமல் தன் துப்பட்டா முனையால் அவன் கழுத்தைத் துடைத்தாள். அவனுக்கு அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது. அக்கா கிண்டல் செய்யாவிட்டால் விஷயம் உண்மை என்று அர்த்தம்.

அப்பா கதவு வரைக்கும் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். கடைசியில் நாற்காலியை இழுத்து அவன் முழங்காலை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். என்னவோ கேட்க வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். ஊரில் ஒரு சந்து பாக்கியில்லாமல் ஓட்டித் திரிந்த மனுஷர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கால் வைத்ததே இல்லை.

“தொலையறப்ப எப்படிடா இருக்கும்?” என்றார்.

நேரா அவரைப் பார்த்தான். கிண்டல் இல்லை.

“முதல்ல சத்தம் எல்லாம் பெருசா கேக்கும்ப்பா” என்றான். “செருப்புச் சத்தம்கூட. அப்புறம் பார்க்கறவங்க எல்லாரும் நம்மளயே பார்க்கற மாதிரி இருக்கும். ஆனா கேட்டா யாரும் கண்டுக்க மாட்டாங்களோன்னும் இருக்கும்.”

“ம்.”

“அப்புறம், நம்ம வீடுன்னு ஒண்ணு நிஜமாவே எங்கயாவது இருக்கான்னே சந்தேகம் வந்துடும்.”

“வந்தா என்ன பண்ணுவே?”

“தெரியலப்பா. இதுவரைக்கும் ஓடத்தான் செஞ்சிருக்கேன்.”

அப்பா முன்னால் குனிந்துகொண்டார். “சரி, ஓடினதுக்கப்புறம்? அத சொல்லு. மெதுவா சொல்லு” என்றார். தெரியாத ஊரில் வேனை நிறுத்தி யாரிடமாவது வழி கேட்கும்போது குனிவது போலத்தான் குனிந்திருந்தார். நேரா ஈரச் சட்டையோடு, தனக்குத் தெரிந்தவரைக்கும் சொல்ல ஆரம்பித்தான்.